கைராசிக்காரி

உக்காரு அம்மணி, உக்காரு. மூணு பேரு உக்கார்ற சீட்டுத்தான் இது. கூடைய நான் மடியில வெச்சுக்கறேன், நீ நல்லா நகந்து உக்காரு. எங்க போறே? கிணத்துக்கடவா? சரி, அதுக்குள்ள கதை முடிஞ்சுரும். கோயமுத்தூர் வரைக்கும் வந்தீன்னா இன்னொரு கதையும் சேத்திச் சொல்லுவேன், உனக்குக் குடுத்து வெக்கலை.

ஆனா மெதுவாத்தான் பேசோணும். ஜன்னலோரம் தூங்கறா பாரு, கதை அவளைப் பத்தினது. ஆளு முழிச்சிருக்கறப்ப அவளைப் பத்திப் பேசுனா நல்லாவா இருக்கும்? அதான், தூங்கறப்பவே பேசிப்போடலாம்னு பாக்கறேன்.

இவ பேரு கனகமணி. கனகுன்னு கூப்புடுவேன். எனக்குப் பக்கத்து வீடு. ஜாக்கெட் தெக்கறா. நல்ல மனுசிதான், தையல்தான் கோணல். இதா நான் போட்டிருக்கறது அவ தெச்சதுதான். இந்தத் தோளப் பாரு, அந்தத் தோளப் பாரு. ரெண்டும் ஒரே உடம்புல இருக்கற தோளுன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? கேட்டா, "நீ கோணலா நிக்கறே சரஸு"ங்கறா.

நான் சரஸா. எங்க காலனியில வந்து சரஸக்கான்னு கேட்டுப் பாரு, நாய்கூட வழி காட்டும். ஆஸ்பத்திரியில ஆபரேசன் தியேட்டர்ல இருந்தேன். டாக்டர் இல்லை, நர்சும் இல்லை. கத்தி, கத்திரிக்கோலு, இடுக்கி, அதையெல்லாம் கொதிக்க வெச்சு சுத்தம் பண்ணிக் குடுக்கற வேலை. நான் கொதிக்க வெச்ச சாமான்ல ஒரு கிருமி உசுரோட இருந்துச்சுன்னு யாரும் சொன்னது கெடையாது. பெரிய டாக்டரே, "சரஸா தொட்டா உசுரு தங்காது"ன்னு சிரிப்பாரு. பெருமையாத்தான் சொல்லுவாரு. கல்யாணம் காட்சின்னு எனக்கு ஒண்ணும் அமையலை. ஆஸ்பத்திரியே கதின்னு இருந்து ரிட்டையர் ஆனேன்.

இப்ப இவளை உடுமலையில இவ மகன் வீட்டுல இருந்து கூட்டிட்டுப் போறேன். சும்மா கூட்டிட்டுப் போறேன்னு நெனைக்காதே. மன்னிச்சுக் கூட்டிட்டுப் போறேன்.

என்ன பண்ணுனாளா? திருட்டு. வெதைத் திருட்டு.

இரு, மொதல்ல இருந்து சொல்றேன். எங்க காலனியில பார்க்குக்குன்னு ஒதுக்குன எடம் ஒண்ணு கெடந்துச்சு. பார்க்கு வரலை, குப்பைதான் வந்துச்சு. ஆளாளுக்குக் காத்தால ஒரு பையைக் கொண்டாந்து வீசிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி வாக்கிங் போவாங்க. நான் ஒரு நாள் தொடப்பக்கட்டைய எடுத்துட்டுப் போயி வாசல்ல நின்னேன். யாரு பையோட வந்தாலும், "என்னங்க, நேத்து உங்க வீட்டுல மீனுங்களா?"ன்னு சத்தமாக் கேப்பேன். அவ்வளவுதான். ஒரு மாசத்துல குப்பை நின்னு போச்சு. மானம்னு ஒண்ணு இருக்குல்ல எல்லாருக்கும்.

அப்புறம் எல்லாரும் சேந்து அதைச் சுத்தம் பண்ணி, வேலி போட்டு, பாத்தி கட்டி, கூட்டுத் தோட்டம்னு பேரு வெச்சோம். எங்க காலனி செகரட்டரி தண்டபாணி சார், டெலிபோன்ல வேலை பாத்து ரிட்டையர் ஆனவரு, ஒரு சட்டம் போட்டாரு. ஞாயித்துக்கெழமை காத்தால வீட்டுக்கு ஒரு ஆளு வந்து வேலை செய்யோணும். வெளைஞ்சதை அங்கயே தார்ப்பாய் விரிச்சுக் கூறு கூறாப் போட்டு எல்லாரும் எடுத்துக்கோணும். பேங்க்காரரும் களை புடுங்குவாரு, கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போற வித்யாவும் புடுங்குவா. வித்யா களைய விட்டுட்டுச் செடியப் புடுங்குவா, அது வேற விசயம். வேலை முடிஞ்சு டீ குடிக்கறப்ப யாரு வீட்டு டீன்னு ஒரு சண்டை வரும். அந்தச் சண்டைக்காகவே நாலு பேரு வருவாங்க.

மொத வெதை யாரு போடறதுன்னு பேச்சு வந்துச்சு. தண்டபாணி சார்தான், "சரஸக்கா இல்லைன்னா இது இன்னும் குப்பைமேடுதானுங்க. அக்கா கையாலயே போடட்டும்"னாரு. எல்லாரும் கை தட்டுனாங்க. எனக்கு மாலை ஒண்ணு போட்டாங்க அம்மணி. கனகாம்பர மாலை. ஆஸ்பத்திரியில ரிட்டையர் ஆனப்பக்கூட எனக்கு மாலை போடலை, சால்வைதான் போர்த்துனாங்க.

ஆடி மாசம். பூசணி வெதைய நடுவுல குழி எடுத்துப் போட்டேன். கொஞ்ச நாளு கழிச்சுப் பாத்தா நடுவுல ஒண்ணையும் காணோம். ஆனா மதிலோரமா, முன்னாடி குப்பை கெடந்த எடத்துல, பாம்பு கணக்கா ஒரு பூசணிக்கொடி. தண்டபாணி சார், "அதெப்பிடிங்க்கா, நடுவுல போட்டது மதிலோரம் மொளைக்கும்?"ன்னாரு. "அதுக்குப் புடிச்ச எடத்துக்கு அது போகுது, உங்களுக்கென்ன?"ன்னேன். படிச்ச மனுசன், உடனே ஒத்துக்கிட்டாரு.

என்னா காய்ப்புங்கறே! ரெண்டு ஆளு சேந்து தூக்குற பூசணி. காலனி முழுக்க அந்த வாரம் பூசணிக்காச் சாம்பாரு, பூசணிக்காக் கூட்டு, பூசணிக்கா அல்வா. போதுஞ்சாமீன்னு ஆயிப்போச்சு. அன்னைலிருந்து எனக்குக் கைராசிக்காரின்னு பேரு. எந்தப் பட்டத்துல எதைப் போட்டாலும் மொத வெதை நான்தான். தோட்டத்துல மொதப் பாத்தியே என்ற பாத்தின்னு ஆயிப்போச்சு, மத்ததுலதான் மத்தவங்க போடுவாங்க. புதுசா மிக்சி வாங்குனாக்கூட மொத தடவை என்னை வெச்சு ஓட்டுவாங்க. வித்யா வீட்டு மிக்சி ஓடலை. அது கம்பெனிக் கோளாறு.

உனக்குங்கறதால தொழில் ரகசியம் ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லாதே. வெதைய அப்பிடியே போடக் கூடாது. கடையில எத்தனை பேரு கை பட்டிருக்கும், எத்தனை கிருமி இருக்கும்? நான் என்ன பண்ணுவேன்னா, ஒரு சில்வர் கிண்ணத்துல வெதையப் போட்டு, தளதளன்னு கொதிக்கற தண்ணிய ஊத்தி, தட்டு போட்டு மூடி வெச்சுருவேன். நல்லா ஆறுனப்புறம் எடுத்து மஞ்சத்தூள் பொரட்டி வெச்சா, அப்பிடியே தங்கமாட்டம் மின்னும். அப்புறம் என்ற நடுவிரலு முழுசாப் போற ஆழத்துக்குக் குழி. மேல மண்ணத் தள்ளி, காலால நல்லா அமுக்கிருவேன். காக்கா குருவி கிட்ட வர முடியாது.

ரெண்டாவது பட்டம் வந்தப்ப இந்த முறையக் கூட்டத்துல எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தேன். நம்மகிட்ட இருக்கற வித்தை நம்மளோட போகக் கூடாது பாரு. ஒருத்தரு மூஞ்சிய ஒருத்தரு பாத்துக்கிட்டாங்க. தண்டபாணி சாருக்கு இருமல் வந்துருச்சு, நிக்கவே மாட்டேங்குது. இருமி முடிச்சுட்டு, "தண்ணி வெதுவெதுன்னு இருந்தாப் போதாதுங்களாக்கா?"ன்னாரு. நான் உடுவனா? "வெதுவெதுப்புல கிருமி குளிச்சுட்டுப் போகுமுங்க சார், சாகாது"ன்னேன். இவ, கனகு, தலையே நிமிரலை. ஜாக்கெட்டுக்குக் கொக்கி தெச்சுட்டே இருந்தா.

அந்தப் பட்டத்துக்கு முள்ளங்கி. நூல் புடிச்சு நேர் வரிசையாப் போட்டேன். ஆஸ்பத்திரித் தட்டுல கத்திய அடுக்குன கையில்ல, நேராத்தான் வரும். மொளைச்சு வந்தப்ப பாத்தா, அக்கட்டால வளைஞ்சு இக்கட்டால நெளிஞ்சு, ஒரு வரிசை இன்னொரு வரிசை மேல ஏறிப்போயி நிக்குது. எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. கனகுதான், "செடி அதது இஷ்டத்துக்குத்தானே வரும் சரஸு"ன்னா. மொளைச்சுதா இல்லையா, அதுதான் பேச்சு. எள்ளு விழ எடமில்லாம மொளைச்சிருந்துச்சு.

அன்னைலிருந்துதான் எனக்கு இவ மேல ஒரு கண்ணு. நான் வெதை போட்ட மறுநாள் காத்தால பாரு, என்ற பாத்திக்கிட்ட நிப்பா. "என்ன கனகு, இந்நேரத்துல?"ன்னா, "வாக்கிங் வந்தேன்"பா. வாக்கிங் போறவளுக்கு நகத்துக்குள்ள மண்ணு எதுக்கு அம்மணி? ஒரு நாளும் வாக்கிங் போகாத பொம்பளை, மெசினை விட்டு எந்திரிக்கவே முனகறவ, நான் வெதை போட்ட மறுநாள் மட்டும் எதுக்கு வாக்கிங் போகோணும்? பொறாமை. வேற என்ன?

போன ஆடியில ஒண்ணு நடந்துச்சு, சொன்னா நீ நம்ப மாட்டே. நான் போட்டது பச்சை வெண்டை. பாக்கெட்டு என்ற கையால பிரிச்சது, மேல பச்சை வெண்டைக்கா படம் போட்டிருந்துச்சு. காய்ச்சது என்ன தெரியுமா? சிவப்பு வெண்டை! செக்கச் செவேர்னு. கூறு போடற அன்னைக்குத் தார்ப்பாய்ல குமிச்சு வெச்சுட்டு எல்லாரும் சுத்தி நின்னு பாக்கறாங்க. தண்டபாணி சாருக்குத் திரும்பவும் இருமல். வித்யா, "ஆன்ட்டி, பச்சை போட்டா எப்பிடி சிவப்பு..."ன்னு ஆரம்பிச்சா. நான்தான் சொன்னேன், "இத்தனை நாளு மொளைக்க வெச்ச கை, இப்ப கலரையும் மாத்துது." எல்லாரும் சிரிச்சாங்க. சந்தோசந்தான். கனகு முந்தானைய வாயில வெச்சுக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சா. மொதக் கூறுல இருந்து ஒரு காய எடுத்து எனக்குத்தான் குடுத்தாங்க. நான் கடிச்சேன். பச்சை வெண்டை மாதிரியேதான் இருந்துச்சு.

சரி, இந்த ஆடிக்கு வர்றேன். அவரை போடற முறை. வழக்கம்போலக் கொதிக்க வெச்சு, மஞ்சள் பொரட்டி, குழி எடுத்துப் போட்டு மிதிச்சுட்டு வந்தேன். இந்தத் தடவை இவளக் கையுங் களவுமாப் புடிக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன். மறுநாள் வெடியறதுக்கு முன்னாடியே போயித் தண்ணித் தொட்டிக்குப் பின்னால உக்காந்துக்கிட்டேன். வந்தா. கையில சின்ன டார்ச்சு. குத்த வெச்சு உக்காந்து, விரலால மண்ண நோண்டறா. நோண்டறா, மூடறா, நகர்றா. நோண்டறா, மூடறா, நகர்றா. நான் பாஞ்சு போயிக் கையப் புடிச்சுட்டேன். "தொறடி கைய!"

உள்ளங்கை நெறைய அவரை வெதை! இடுப்புல ஒரு சுருக்குப்பை, அதுலயும் வெதை. அதுலயும் பாரு அம்மணி, என்ற வெதையெல்லாம் மஞ்சத்தூள் போட்டது. இவ கையில இருந்ததுல ஒரு பொட்டு மஞ்சள் இல்லை. திருடறப்பவே தொடச்சுப்போட்டா! எவ்வளவு நெஞ்சழுத்தம் இருக்கோணும்?

கத்திக் கூப்பாடு போட்டேன். எல்லாரும் லுங்கியும் நைட்டியுமா ஓடி வந்துட்டாங்க. "பாருங்க, நான் போட்டதை நோண்டி எடுக்கறா. திருடி!"ன்னேன். ஒருத்தரும் வாயத் தொறக்கலை, அவ்வளவு அதிர்ச்சி. வித்யாதான், "ஆன்ட்டி, அது வந்து..."ன்னு இழுத்தா. கனகு அவள ஒரு பார்வை பாத்தா பாரு, அந்தப் புள்ளை கப்புனு வாய மூடிக்கிச்சு. மெரட்டி வெச்சிருப்பா போலிருக்குது.

நான் நேராவே கேட்டேன். "சொல்லு கனகு, என்ற வெதைய எடுத்தியா இல்லையா?"

அவ மண்ணையே பாத்துட்டு இருந்தா. அப்புறம், "ஆமா சரஸு. தப்புத்தான்"னா.

ஒத்துக்கிட்டா! அத்தனை பேரு முன்னாடி. நான் வேற வார்த்தைய உட்டுட்டேன். "இனிமே இந்தத் தோட்டத்துல உன்ற நெழலு விழக் கூடாது"ன்னுட்டேன். மறுநாள் பையை எடுத்துக்கிட்டு உடுமலைக்கு மகன் வீட்டுக்குப் போயிட்டா. தெச்சு முடிக்காத ஜாக்கெட்டெல்லாம் அவங்கவங்க வீட்டுக்குத் திரும்பி வந்துருச்சு. காலனியில பாதிப் பேரு ஒத்தைக் கை வெச்ச ஜாக்கெட்டோட என்னைத் திட்டிக்கிட்டுத் திரியறாங்க.

இவ கை பட்ட மண்ணையெல்லாம் வெட்டி வீசிட்டு, புதுசாக் கொதிக்க வெச்ச அவரையப் போட்டேன். அதுக்கப்புறம் என்ற பாத்திப் பக்கம் ஒருத்தரும் வர்றதில்லை. களை புடுங்கறவங்ககூட ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டிக்கிட்டேதான் தாண்டிப் போறாங்க. பயம் இருக்கோணும்ல.

ஆனா அவரை மொளைக்கலை.

சரி, நாளாகும்னு பாத்தேன். மொளைக்கலை. இன்னொருக்காப் போட்டேன். தண்ணிய இன்னும் நல்லா, கிண்ணம் ஆடற அளவுக்குக் கொதிக்க வெச்சேன். மொளைக்கலை. கொத்தவரை போட்டேன். மொளைக்கலை. கீரை போட்டேன், தூவுனாலே வர்ற கீரை அம்மணி, அதுகூட வரலை. அக்கம்பக்கத்துப் பாத்தியெல்லாம் பச்சைப் பசேல்னு நிக்குது. என்ற பாத்தி மட்டும் அப்பத்தான் தொடச்சு வெச்ச தியேட்டர் மேசை மாதிரி சுத்தமாக் கெடக்குது. களைகூட இல்லை.

ஞாயித்துக்கெழமை வந்தா மொகத்தத் திருப்பிக்கிட்டு நின்னேன். யாரும் ஒண்ணும் கேக்கலை. கேட்டாக்கூடப் பரவால்ல, ஒருத்தரும் கேக்கலை, அதுதான் தாங்க முடியலை. காத்தால எந்திரிச்சா, எதுக்கு எந்திரிச்சோம்னு இருக்கும். சில்வர் கிண்ணத்தக் கழுவி வெப்பேன். கழுவுனதையே திரும்பக் கழுவுவேன்.

போன வாரம் கூட்டம். தண்டபாணி சார் தரையப் பாத்துக்கிட்டே சொல்றாரு, "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. புரட்டாசிப் பட்டத்துக்கு நேரமாகுது. இந்தத் தடவை வித்யா கையால மொத வெதை போடலாம்னு நாலு பேரு சொல்றாங்க." வித்யா! களைக்கும் செடிக்கும் வித்தியாசம் தெரியாதவ! உன்கிட்டச் சொல்றதுக்கென்ன, அந்த மொத வெதைய எடுத்துட்டாங்கன்னா நான் அந்தத் தோட்டத்துல யாரு? வாசல்ல தொடப்பக்கட்டையோட நின்ன கெழவி. அவ்வளவுதானே?

"வர்ற ஞாயித்துக்கெழமை வரைக்கும் பொறுங்க"ன்னு கேட்டேன். சரீன்னாங்க.

வீட்டுக்கு வந்து யோசிச்சேன். எல்லாம் இவ போன நாளிலிருந்துதானே? அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. வயித்தெரிச்சல்! திருடின்னு பேரு வாங்கிட்டுப் போனாள்ல, அந்த வயித்தெரிச்சல் என்ற வெதைய மொளைக்க உடமாட்டேங்குது. அப்ப என்ன பண்ணோணும்? மன்னிச்சுப்போடோணும். மன்னிச்சுட்டா எரிச்சல் அடங்கிரும். நானாத்தான் மனசப் பெருசு பண்ணிக்கிட்டு இன்னைக்குக் காத்தால பஸ் ஏறுனேன்.

போனா, இவ மகன் வீட்டுல வாசப்படியில உக்காந்து பழைய சேலைய வெட்டிக் கால்மிதி தெச்சுட்டு இருக்கா. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு, "வா சரஸு, சாப்புட்டியா?"ன்னா. திருடின்னு சொல்லித் தொரத்துனவகிட்ட மொதல்ல கேக்கற கேள்வியா அது? நான் உக்காரவே இல்லை. நின்னுட்டே, பஸ்ஸுல மனப்பாடம் பண்ணிட்டுப் போனதைச் சொல்லிப்போட்டேன். "கனகு, நீ பண்ணுன திருட்ட நான் மன்னிச்சுட்டேன். பொறப்படு."

அடுப்படியில பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டுச்சு. இவ மருமக பிருந்தா கரண்டியோட வெளிய வந்துட்டா. "எங்கத்தை திருடுனாங்களா? என்னங்கம்மா பேசறீங்க? நீங்க வெதைய வேக வெச்சுப் போடுவீங்க, அது எப்பிடிங்க மொளைக்கும்? இந்த மூணு வருசமா நீங்க போட்ட மறுநாளே போயி, தன் காசுல நல்ல வெதை வாங்கி, யாருக்கும் தெரியாமப் போட்டுட்டு வந்தது எங்கத்தை. போன வருசம் கடையில பச்சை இல்லைன்னு சிவப்பு வெண்டை வாங்கிப் போட்டுட்டு, கண்டுபுடிச்சுருவீங்களோன்னு பயந்துட்டு இருந்தாங்க. ரிட்டையர் ஆனப்புறம் கதவச் சாத்திட்டுக் கெடந்தீங்களாம். அந்தப் பூசணி மொளைச்ச அன்னைக்குத்தான் உங்க சிரிப்புச் சத்தம் இவங்க வீடு வரைக்கும் கேட்டுச்சாம். அதுக்கோசரம் போடறேன்னாங்க. நான்கூடத் திட்டுனேன், உங்களுக்கு எதுக்குங்கத்தை இந்த வேலைன்னு."

மூச்சு உடாமச் சொன்னா அந்தப் புள்ளை. கரண்டியில இருந்து சட்டினி சொட்டுது.

நான் கனகப் பாத்தேன். "உன்ற மருமக என்னமோ சொல்றாளே. நெசமா?"

கனகு ஊசிய எடுத்துச் சேலைத் தலைப்புல குத்திக்கிட்டா. மருமகளப் பாத்து, "நீ உள்ள போ சாமி, அடுப்புல என்னமோ தீயுது"ன்னா. அப்புறம் எங்கிட்டத் திரும்பி, "அவ சின்னப் புள்ளை சரஸு. கேட்டதும் கேக்காததுமா என்னமோ ஒளர்றா. நான் எங்க வெதை போட்டேன்? உன்ற கைராசி ஊருக்கே தெரியுமே"ன்னா.

கேட்டியா? அவளே இல்லேங்கறா! போடலைங்கறா! நானும் சரீன்னேன். சரீன்னு சொல்லிட்டு நிக்கறேன், கண்ணுல தண்ணி வந்துருச்சு. எதுக்குன்னு கேக்காதே. பொலபொலன்னு கொட்டுது, தொடைக்கத் தொடைக்க வருது. அன்னைக்கு அத்தனை பேரு முன்னாடி "ஆமா, தப்புத்தான்"னு நின்னாள்ல, அந்த மூஞ்சியே கண்ணு முன்னால வந்து நிக்குது. "நீ இல்லாம அங்க எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்குது கனகு. திட்டறதுக்குக்கூட ஆளில்லை"ன்னு சொல்லிப்போட்டேன். மனப்பாடம் பண்ணிட்டுப் போனதுல அது இல்லை.

அவ அழுவான்னு பாத்தா, அழுகலை. "பாத்தி இப்ப எப்பிடி இருக்குது?"ன்னா.

"வெறும் மண்ணு."

"ஞாயித்துக்கெழமைதானே போடோணும்?"

"ஆமா."

போயிப் பையை எடுத்துட்டு வந்துட்டா. மகன்கிட்டப் போன்லதான் சொன்னா. மருமக தலைல அடிச்சுக்கிட்டா, ஆனா ரெண்டு பேருக்கும் இட்லி கட்டிக் குடுத்து உட்டா. நல்ல புள்ளை. சட்டினிதான் கொஞ்சம் அடிப்புடிச்ச வாசம்.

உடுமலை பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். வெளிய ஒரு வெதைக்கடை இருக்குதில்லை? அதைத் தாண்டறப்ப இவ, "சரஸு, நீ இங்கயே நில்லு, நான் தலைவலி மாத்திரை வாங்கிட்டு வந்தர்றேன்"னா. வெதைக்கடையில என்ன மாத்திரை? நான் ஒண்ணும் கேக்கலை. "சரி, பஸ்ஸு வருதான்னு பாக்கறேன்"னு சொல்லிட்டு அக்கட்டால திரும்பி ரோட்டையே பாத்துட்டு நின்னேன். பஸ்ஸு இக்கட்டாலதான் நின்னுட்டு இருந்துச்சு. வந்தா, பையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு ஜன்னலோரம் உக்காந்தா, பஸ்ஸு எடுக்கறதுக்கு முன்னாடியே தூங்கிட்டா. பாவம், மகன் வீட்டுல தூக்கமில்லை போலிருக்குது.

நீ ஏறுறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் தண்டபாணி சார் போன் பண்ணுனாரு. "என்னங்க்கா, ஞாயித்துக்கெழமைக்கு வித்யாகிட்டச் சொல்லிரட்டுமா?"ன்னாரு. "வேண்டாஞ் சார், நான்தான் போடறேன்"னேன். "மொளைக்குமுங்களாக்கா?"ன்னாரு. "பாக்கத்தானே போறீங்க"ன்னேன். கனகு கூட வர்றான்னு சொன்னதும், அவரு அந்தப் பக்கம் "அப்பாடா"ன்னாரு. எதுக்கு அப்பாடான்னு தெரியலை. ஜாக்கெட்டுக்குத்தான் இருக்கும், அவரு சம்சாரத்தோடதும் பாதியில நிக்குது.

கிணத்துக்கடவு வந்துருச்சு அம்மணி, பாத்து எறங்கு. என்ன, என்னமோ கேக்கோணும்னு பாக்கறியே, கேளு. இனிமேலும் கொதிக்க வெப்பனான்னா? பின்னே, கிருமி யாரு வீட்டு மாமன் மச்சான்? வெப்பேன். மொளைச்சா யாரு கைன்னு சொல்லுவனா? என்ற கைன்னுதான் சொல்லுவேன்.

இவ எல்லாருகிட்டயும் உண்மையச் சொல்லிப்போட்டா என்ன பண்ணுவீங்கன்னா கேக்கறே?

மாட்டா அம்மணி. அத்தனை பேரு முன்னாடி திருடின்னு பேரு வாங்குனப்பவே சொல்லாதவ, இனிமேலா சொல்லப்போறா?